52 வருஷ ஜோடிக்கு ஒரே ரூம்: ஏற்காடா, அடிவாரமா?

ஐந்துரோட்டு மருமகள் | 2025 மே 4, காலை 10.20

மாமாவுக்கு 79, அத்தைக்கு 73. கல்யாணமாகி 52 வருஷம். சேலம் அழகாபுரம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஏற்காட்டில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயே தீருவேன் என்று மாமா ஒற்றைக்காலில் நிற்கிறார். அத்தை வழக்கம்போல "அவர் எங்கேயோ நானும் அங்கே". 12-க்கு 14 அடியில் ஒரு ரூம், ஒட்டிய பாத்ரூம், மூன்று வேளைச் சாப்பாடு. 52 வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு ஒரே ரூமில் இருப்பதில் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது? சும்மா பயமுறுத்தாமல் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடிவாரத்தான் | மே 4, இரவு 9.05

ஒரே வீட்டில் இருந்தார்கள், சரி. ஒரே ரூமில் இருந்தார்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள். மாமா காலையில் பேப்பரோடு திண்ணையில், அத்தை அடுப்படியில். பத்து மணிக்கு அவர் பேங்க், இவர் மாவு மில். மத்தியானம் அவர் ஹாலில் தூக்கம், இவர் பக்கத்து வீட்டுப் படியில். விழித்திருக்கும் நேரத்தில் இருவரும் நேருக்கு நேர் இருந்தது மூன்று, நான்கு மணி நேரம் தேறினால் அதிகம். இல்லத்தில் அது பதினான்கு மணி நேரம். முதல் ஆறு மாதத்துச் சண்டை முழுக்க இதிலிருந்துதான் வருகிறது. சாப்பாடு சரியில்லை, ஆயா சரியில்லை என்று வெளியே சொல்வதெல்லாம் இதன் மேல்பூச்சு.

அதனால் முதல் கேள்வி ரூம் எத்தனை அடி என்பதில்லை. ரூமுக்கு வெளியே ஒருவர் தனியாக ஒரு மணி நேரம் உட்கார என்ன இடம் இருக்கிறது? வராந்தா பெஞ்சா, படிக்கும் அறையா, கோயில் மேடையா? மழையில் நனையாமல், படி ஏறாமல், கழிப்பறை பக்கத்தில் இருக்கும்படி இரண்டு இடமாவது வேண்டும். ஒன்று அவருக்கு, ஒன்று அத்தைக்கு.

இரண்டாவது, மலையா அடிவாரமா. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். நல்ல உடம்புக்குத் தொந்தரவில்லை. மூச்சிரைப்பு நோய், இதயம் வீங்கியவர்கள், வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் போகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மலைக்குப் போகக்கூடாது. ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் ஸ்டென்ட், ஐசியு, இடுப்பெலும்பு ஆபரேஷன் என்றால் சேலம் இறங்க வேண்டும். 24 ஊசிவளைவு, பகலில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. இரவில் மூடுபனி இறங்கினால் டிரைவர் கண்ணாடியை இறக்கி, வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுவார். அந்த நேரத்துக்குக் கணக்கே கிடையாது.

மாமாவுக்கு என்ன நோய், அத்தைக்கு என்ன நோய் என்று எழுதுங்கள். இரண்டையும் தனித்தனியாக.

அடிவாரத்தான் | மே 5, காலை 6.30

24 இல்லை, 20 ஊசிவளைவு. ராத்திரி தூக்கத்தில் நாலு வளைவு சேர்த்துவிட்டேன்.

இன்னொன்று விட்டுப்போனது. மே மாதக் கோடை விழா நாட்களில் ஏற அடிவாரம் வழி, இறங்க குப்பனூர் வழி என்று வண்டிகளைப் பிரித்துவிடுவார்கள். ஆம்புலன்சுக்குத் தடையில்லை. ஆனால் உங்கள் காரில் அவசரமாக வந்து பார்க்க நினைத்தால் நேரம் இரண்டு மடங்கு. கனமழையில் மண் சரிந்தால் பாதையே மூடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அப்படித்தான் ஆனது. மலையில் இருப்பவர்கள் கையில் எப்போதும் 15 நாள் மாத்திரை மிச்சம் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்பது அடிவாரத்துக்குச் சரி, மலைக்குச் சரியில்லை.

ஐந்துரோட்டு மருமகள் | மே 5, மதியம் 1.15

மாமா: சர்க்கரை (இன்சுலின்), பிரஷர், காது மந்தம். அத்தை: தைராய்டு, மூட்டுவலி, ராத்திரி நாலு தடவை பாத்ரூம். இருவருக்கும் மூச்சில் தொல்லை இல்லை. டபுள் காட் கொண்டுபோகலாமா? தேக்கு. அத்தையின் அப்பா செய்துகொடுத்தது.

அடிவாரத்தான் | மே 7, இரவு 8.40

தேக்கு டபுள் காட்டை யார் வீட்டிலாவது பத்திரமாக வையுங்கள். அங்கே இரண்டு ஒற்றைக் கட்டில்தான் சரி. மனஸ்தாபத்துக்காகச் சொல்லவில்லை. டபுள் காட்டில் சுவரோரம் படுப்பவர் இறங்க அடுத்தவரை எழுப்ப வேண்டும், இல்லை கால்மாட்டில் தவழ வேண்டும். விழுவது அங்கேதான். நாளைக்கு ஒருவர் படுக்கையில் விழுந்தால் துடைக்க, புரட்ட, இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும்.

கட்டில் 3 அடி அகலம், ஆறே கால் அடி நீளம். உயரம் மெத்தையோடு சேர்த்து 18 முதல் 20 அங்குலம். பொது அளவை நம்பாதீர்கள். உட்கார வைத்துப் பாருங்கள். பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும், முட்டி இடுப்பைவிட மேலே போகக்கூடாது. மூட்டுவலிக்காரர்களுக்கு ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தால் எழுவது சுலபம். தச்சர் ஒரே அளவில் இரண்டு செய்து கொடுத்துவிடுவார், கவனம். இரண்டு உடம்பும் ஒரே உயரமா?

கட்டில் கால் வழுக்காமல் ரப்பர் குமிழ். டைல்ஸ் தரையில் கட்டில் அரை அடி நகர்ந்தாலே, உட்காரப் போனவர் தரையில் இருப்பார்.

இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போடாமல் 'ட' போல மூலையில் சேர்த்துப் போடுங்கள். இருவர் தலையும் மூலைப்பக்கம். கை நீட்டினால் ஒருவரையொருவர் தொடலாம். அதே சமயம் இருவருக்கும் இறங்க ஒரு பக்கம் திறந்திருக்கும். அத்தை கட்டில் பாத்ரூம் கதவுப் பக்கம்.

அடிவாரத்தான் | மே 8, காலை 7.10

தனிச்செய்தியில் ஒருவர் "அது என்ன எப்போதும் பெண்கள் பாத்ரூம் பக்கம்" என்று கேட்கிறார். பெண் என்பதற்காக இல்லை. ராத்திரி அதிக தடவை எழுபவர் பக்கத்தில். இந்த வீட்டில் அது அத்தை. ப்ராஸ்டேட் இருக்கிற வீட்டில் மாறிவிடும். இருவரும் எழுபவர்கள் என்றால் நடை தடுமாறுபவர் பக்கத்தில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திருப்பி யோசியுங்கள்.

தலைமாட்டைப் பற்றியும் ஒரு திருத்தம். வடக்கே தலை வைக்க மாட்டேன் என்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்வார்கள். வாதாடாதீர்கள். 'ட'-வைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது.

அடிவாரத்தான் | மே 11, இரவு 10.02

ஃபேன். ஒருவருக்கு 5, ஒருவருக்கு 1. உலகம் முழுக்க இதுதான். இல்லத்துக்காரரிடம் கூரை ஃபேனை நடுவில் போடாமல் ஒரு கட்டிலின் கால்மாட்டுக்கு நேரே போடச் சொல்லுங்கள். அடுத்தவருக்குப் போர்வை. இல்லாவிட்டால் சுவர் ஃபேன் இரண்டு, சுவிட்ச் இரண்டு, கைக்கெட்டும் உயரத்தில். ஏற்காட்டில் இந்தச் சண்டை வருஷத்தில் இரண்டு மாதம்தான். அங்கே ஜன்னல் சண்டை.

டிவிக்கு: காது மந்தமானவருக்கு ப்ளூடூத் ஹெட்போன். டிவி வாங்கும்போதே ப்ளூடூத்தில் ஒலி வெளியே போகும் வசதி இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். சில டிவிகளில் ஹெட்போன் இணைந்தால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். அப்புறம் மாமா மட்டும் சிரிப்பார், அத்தை வெறும் படம் பார்ப்பார். இரண்டும் சேர்ந்து கேட்கும் வசதி செட்டிங்கில் இருந்தால்தான் வாங்க வேண்டும்.

அடிவாரத்தான் | மே 19, மாலை 5.45

மாம்பழ சீசன். சேலத்தில் இருந்துகொண்டு மல்கோவாவைத் தொடாதே என்று சர்க்கரைக்காரரிடம் சொன்னால் நடக்காது. மறைத்துச் சாப்பிடுவார். மறைத்துச் சாப்பிடுவதற்கு உதவுபவர் சர்க்கரை இல்லாத அந்தத் துணை. ஐம்பது வருஷப் பாசம் அப்படி. ஒளிக்கும் இடம்: பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில். வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

நடைமுறையில் செய்வது: ஒரு சின்னக் கிண்ணம், சுமார் 80 முதல் 100 கிராம் துண்டு, சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம், காலை 11 மணிக்கு. அன்றைக்கு மத்தியானச் சோறு ஒரு கரண்டி குறைவு. ஜூஸ் கிடையாது. சர்க்கரை அளவு கட்டுக்குள் இருப்பவருக்கு மட்டும். 300-ல் நிற்பவருக்கு மாம்பழப் படம்தான்.

ஐந்துரோட்டு மருமகள் | ஜூன் 1, இரவு 9.30

இரண்டு இடமும் பார்த்துவிட்டு வந்தோம். மலை மேல் உள்ளது பாத்ரூம் பெரிது, அடிவாரத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் உள்ளது சிறிது. கைப்பிடி இரண்டிலும் இருக்கிறது.

அடிவாரத்தான் | ஜூன் 2, காலை 5.50

கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்தீர்கள். பிடித்துத் தொங்கிப் பார்த்தீர்களா? துண்டு போடும் கம்பியைக் கைப்பிடி என்று காட்டுவார்கள். அது இரண்டு திருகாணியில் நிற்பது. 60 கிலோ உடம்பு சரியும்போது டைல்ஸோடு பெயர்ந்து வரும். ரப்பர் உறிஞ்சியில் ஒட்டும் கைப்பிடி அதைவிட மோசம், ஈர டைல்ஸில் எப்போது விடும் என்று தெரியாது.

அளவுகள்: குழாய் 32 முதல் 38 மி.மீ. தடிமன். சுவருக்கும் குழாய்க்கும் இடைவெளி 4 செ.மீ.க்குள். அதிகமானால் வழுக்கிய கை முழங்கை வரை உள்ளே போய் மாட்டி, எலும்பு உடையும். படுக்கை வாட்டக் கைப்பிடி தரையிலிருந்து 85 முதல் 90 செ.மீ. கம்மோடு பக்கத்தில் எழுந்து நிற்க ஒன்று செங்குத்தாக. சுவர் செங்கல் என்றால் நீள ஆங்கர் போல்ட் போதும். இப்போது கட்டும் பலவும் உள்ளே ஓட்டையான பொள்ளல் பிளாக். அதில் சாதா போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. பசை ஊற்றிப் பிடிக்க வைக்கும் கெமிக்கல் ஆங்கர் போட வேண்டும்.

கம்மோடு உயரம் இருக்கையோடு 17 முதல் 19 அங்குலம். பழையவை 15 அங்குலம் இருக்கும். பிளாஸ்டிக் உயர்த்தி வைக்கலாம். பக்கத்தில் கிளிப் இறுகும் வகைதான், சும்மா உட்கார வைப்பது நகரும்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாள் வெளியிலிருந்து காசு வைத்துத் திருப்பினால் திறக்கும் வகை. "52 வருஷம் ஆச்சு, தாழ்ப்பாள் எதுக்கு" என்று நினைக்காதீர்கள். அத்தைகள் தாழ்ப்பாள் போடுவார்கள்.

அழைப்பு மணி பாத்ரூமில் கயிறாகத் தொங்க வேண்டும், நுனி தரைக்கு நாலு விரல் மேலே. விழுந்தவருக்குச் சுவர் சுவிட்ச் எட்டாது. துப்புரவுக்கு வருபவர்கள் கயிறு நனைகிறது என்று முடிச்சுப் போட்டு மேலே சுருட்டிவிடுவார்கள். வாரம் ஒருமுறை பார்த்து அவிழ்த்துவிடுங்கள்.

அடிவாரத்தான் | ஜூன் 3, காலை 6.05

பாத்ரூம் பெரிதாக இருப்பது நல்லது என்று எழுதியதாக ஞாபகம். தேடினேன், எழுதவில்லை. நல்லவேளை. பெரிய பாத்ரூமில் நடுவில் பிடிக்க ஒன்றும் இருக்காது. இரண்டு எட்டுக்கு ஒரு பிடி இருக்கும் சின்ன பாத்ரூமே மேல். சக்கர நாற்காலி தேவைப்படுகிற அன்றுதான் பெரிது வேண்டும். அப்போதும் கதவு 80 செ.மீ. இருந்தால்தான் உள்ளே போகும்.

மலையில் கேஸ் கீசர் வைத்திருக்கிறார்களா? பாத்ரூமுக்குள் என்றால் வேண்டவே வேண்டாம். ஜன்னலைச் சாத்திக் குளிப்பார்கள், கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைச் சாய்க்கும். குளிருக்குக் கரி அடுப்பை ரூமில் வைத்து மூடிப் படுப்பதும் இதே சாவு. மின் கீசரில் சூட்டை 50 டிகிரியில் நிறுத்துங்கள். வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், சுடுதண்ணீர் பிறகு. சர்க்கரையில் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கால் வெந்தது கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சுடுதண்ணீர்ப் பையும் அப்படித்தான். துணியில் சுற்றி, படுக்குமுன் பத்து நிமிஷம் படுக்கையைச் சூடாக்கிவிட்டு எடுத்துவிட வேண்டும். காலோடு தூங்கக்கூடாது.

கன்னங்குறிச்சியில் போர்த்தண்ணீர் என்றால் கீசருக்குள் உப்புப் படியும். வருஷம் ஒருமுறை திறந்து சுரண்டச் சொல்லுங்கள், கூடவே உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியை மாற்றச் சொல்லுங்கள். கீசர் 'கடகட' என்று சத்தம் போட்டால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அடிவாரத்தான் | ஜூன் 21, இரவு 9.15

மாத்திரை. இருவர் மாத்திரையும் ஒரே டப்பாவில் இருக்கக்கூடாது. ஒரே நிறத்திலும் இரண்டு டப்பா கூடாது. அவருக்கு நீலம், இவருக்குச் சிவப்பு. ஒரு வாரத்துக்கு 7 நாள், நாளுக்கு 4 கட்டம். நிரப்புவது ஞாயிற்றுக்கிழமை காலையில், வெளிச்சத்தில், டிவியை அணைத்துவிட்டு. ஒருவர் டப்பாவை மற்றவர் நிரப்பினால் தவறு குறைகிறது. தன் டப்பாவில் ஞாபகத்தை நம்பிப் போடுவார்கள், அடுத்தவர் டப்பா என்றால் சீட்டைப் பார்ப்பார்கள்.

அத்தையின் தைராய்டு மாத்திரை: வெறும் வயிற்றில், தண்ணீரில். காபி அரை மணியிலிருந்து ஒரு மணி கழித்து. இல்லத்தில் காபி 5.30-க்கு வந்துவிடும், இதுதான் சிக்கல். ஆறு மாதத்தில் தைராய்டு அளவு எகிறும், டாக்டர் டோஸைக் கூட்டுவார். குற்றவாளி காபி. ராத்திரி பாத்ரூமுக்கு எழும் 4 மணி வாக்கில் போட்டுவிட்டால் சரியாகப் போகும். தலைமாட்டில் ஒரே ஒரு மாத்திரை, ஒரு மூடி போட்ட டம்ளர்.

மாமா இன்சுலின்: திறக்காதது ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி. ஃப்ரீசருக்குக் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், உறைந்தால் அது இன்சுலினே இல்லை. கதவுத் தட்டு போதும். திறந்தது 30 டிகிரிக்குள் வெளியே 28 நாள் தாங்கும். மருந்துக்கு மருந்து கொஞ்சம் மாறும், அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த தேதியைப் புட்டியிலேயே எழுதுங்கள். மலையில் இது பிரச்சினையே இல்லை. சேலத்தில் ஏப்ரல், மே 40-ஐத் தொடும்போது கரண்ட் போனால், பெரிய மண்சட்டிக்குள் ஈரமணல், அதில் சின்னச் சட்டி, மேலே ஈரத்துணி. பழைய வழி, வேலை செய்கிறது.

கால்சியம் மாத்திரையைத் தைராய்டு மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் போடலாம்.

அடிவாரத்தான் | ஜூன் 22, காலை 6.15

இரண்டு மணி நேரம் இல்லை. நாலு மணி நேரம். கால்சியம், இரும்புச்சத்து இரண்டுக்கும் நாலு. மத்தியானச் சாப்பாட்டோடு வைத்துவிடுங்கள், குழப்பம் வராது.

பிரஷர் பார்க்கும்போது துணையை வெளியே அனுப்புங்கள். சிரிப்புக்குச் சொல்லவில்லை. ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்த பிறகுதான் பட்டை கட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் "நேத்து ஊறுகாய் சாப்பிட்டாரு டாக்டர்" என்பார், இவர் பதில் சொல்வார், பத்து பாயின்ட் ஏறும்.

உப்பு குறைக்க என்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை வாங்கித் தராதீர்கள். அதில் பொட்டாசியம். கிட்னி பலவீனமானவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து. சாதா உப்பையே குறைத்துப் போடலாம்.

ஐந்துரோட்டு மருமகள் | ஜூலை 13, மாலை 4.00

மாமாதான் ஜெயித்தார். மலைக்கே போய்விட்டார்கள். ஒரு வாரம் ஆகிறது. மூடுபனியில் எதிர் ப்ளாக் தெரியவில்லையாம், ரொம்ப சந்தோஷமாம். காது மெஷின் மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை நின்றுவிடுகிறது.

அடிவாரத்தான் | ஜூலை 14, இரவு 8.20

பேட்டரி என்ன நிறம்? அட்டையில் இருக்கும் ஸ்டிக்கர் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. ஊர் முழுக்க இதே நிறம்தான், கம்பெனி மாறினாலும் மாறாது. கடையில் எண் மறந்தால் நிறம் சொன்னால் போதும். 312 ஒரு வாரம் போல வரும், 675 இரண்டு வாரத்துக்கு மேல்.

இது காற்றில் ஓடும் பேட்டரி. ஸ்டிக்கரை உரித்தவுடன் மெஷினில் போட்டு மூடுகிறார்கள், காற்று உள்ளே போக நேரம் தரவில்லை, ஆயுள் குறைகிறது. உரித்து, ஓட்டைப் பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் ஐந்து நிமிஷம் வையுங்கள். பிறகு போடுங்கள். உரித்ததைத் திருப்பி ஒட்டினால் சேமிப்பு ஒன்றும் இல்லை.

இரண்டாவது காரணம் ஈரம். ஜூலையில் அங்கே துணியே காயாது. ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, மூடி இறுகும் ஒரு டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு மெஷினை வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் எப்போது காயவைப்பது என்று தெரியும். அந்த டப்பா மாத்திரை டப்பா பக்கத்தில் இருக்கவே கூடாது. பொத்தான் பேட்டரியும் பிரஷர் மாத்திரையும் கண் மங்கியவர் விரலுக்கு ஒன்றுதான். விழுங்கித் தொண்டையில் சிக்கினால் புண்ணாக்கும். உடனே ஆஸ்பத்திரி.

ஈரத்துக்கு மற்றவை சுருக்கமாக: தேங்காய்நார் மெத்தை மலைக்கு ஆகாது, அடியில் பூஞ்சை பிடிக்கும், வாரம் ஒருமுறை தூக்கி நிறுத்த ஆளில்லை. தோல் செருப்பு, தோல் பர்ஸ் வேண்டாம். பீரோ சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி இருக்கட்டும். தட்டுவடை, முறுக்கு அனுப்பினால் கால் கிலோ கால் கிலோவாகக் கட்டி அனுப்புங்கள். ஒரு கிலோப் பொட்டலம் பிரித்த மூன்றாம் நாள் வதவத.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர் 90 காட்டுகிறது என்று யாராவது பதறிப் போன் செய்தால், முதலில் கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் ஜில்லிட்டிருந்தால் குறைத்துக் காட்டும். அப்புறமும் அதே எண் என்றால் டாக்டர்.

அடிவாரத்தான் | ஆகஸ்ட் 7, இரவு 9.40

கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை வாரம். இல்லங்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மாமா அத்தை வந்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்.

நீண்ட நாள் ஜோடிகளில் ஒருவருக்கு மறதி ஆரம்பித்தால் மற்றவர் அதை அழகாக மூடிவிடுவார். தெரிந்து செய்வதில்லை. கேள்வி மாமாவிடம், பதில் அத்தையிடமிருந்து. "இன்னைக்கு என்ன டிபன் மாமா?" "அவருக்கு எங்க ஞாபகம், பொங்கல்தான்." இப்படி ஒரு வருஷம் ஓடிவிடும். அத்தை நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்த அன்றுதான் இவருக்கு ரூம் எண் தெரியவில்லை என்று வெளியே வரும்.

தனித்தனியாகப் பேசுங்கள். கேள்வி சின்னதாக: காலையில் யார் காபி கொண்டுவந்தார்கள், எந்த மாத்திரை எந்த வேளை, இல்லத்தில் பக்கத்து ரூமில் யார். பழைய கதை கேட்காதீர்கள், அது வெகுநாள் நன்றாக இருக்கும். மாமாவுக்குக் காது மந்தம் என்பதால் மெஷினைப் போட்ட பிறகு கேளுங்கள். கேட்காததை மறதி என்று எழுதிவிட்டால் பாவம்.

அடிவாரத்தான் | செப்டம்பர் 28, மாலை 6.10

"மலையில் இட்லி கல் மாதிரி, பருப்பு வேகவில்லை என்று அத்தை புலம்பல்" என்று கேட்டிருந்தீர்கள். சமையல்காரரைத் திட்டாதீர்கள். 1500 மீட்டரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த அண்டாவில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகும். குக்கரில்தான் போட வேண்டும், சேலத்தில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூட. கடினத் தண்ணீராகவும் இருந்துவிட்டால் இன்னும் தாமதம்.

மாவு: சேலத்தில் மே மாதம் ஏழு மணி நேரத்தில் பொங்கி வழியும். ஏற்காட்டில் 14, 16 மணி நேரம் ஆகும். மாலை 6-க்கு அரைத்துக் காலை 7-க்கு ஊற்றினால் கல்தான். மத்தியானம் 2 மணிக்கு அரைக்க வேண்டும். கடைசித் தண்ணீர் வெதுவெதுப்பாக, கையால் கரைத்து, அடுப்புத் திண்டுக்குப் பக்கத்தில் சாக்கு சுற்றி. உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம். நாற்பது பேருக்கு அரிசி 4 கிலோ, உளுந்து 1 கிலோ. டிபன் அளவுக்குச் சரியாக இருக்கும். மத்தியானச் சோற்றுக்கு ஆளுக்கு 100 முதல் 120 கிராம் அரிசி, அதற்கு மேல் எல்லாம் நாய்க்குத்தான் போகிறது.

அத்தை சமையலறைக்குப் போய்வர முடிகிற இல்லமென்றால் காய் நறுக்கவோ கீரை ஆயவோ அனுமதி கேளுங்கள். காலை 9.30-லிருந்து 10.30. அவருக்கு வேலை என்பதைவிட ரூமை விட்டு ஒரு மணி நேரம் வெளியே. மே 4-ல் எழுதிய இரண்டு இடத்தில் ஒன்று இதுதான்.

அடிவாரத்தான் | நவம்பர் 1, காலை 7.00

உயிர்வாழ் சான்று. எல்லோருக்கும் நவம்பர் என்று நினைத்து ஆட்டோ பிடிக்காதீர்கள். மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர், 80 வயது முடிந்தவர்களுக்கு அக்டோபர் 1 முதலே. தமிழக அரசு ஓய்வூதியருக்கு ஓய்வு பெற்ற மாதம். பி.எஃப். பென்ஷன் என்றால் எப்போது கொடுத்தாலும் அங்கிருந்து 12 மாதம். ரேகை தேய்ந்தவர்களுக்கு முகம் பார்த்துப் பதியும் வழி செல்போனிலேயே இருக்கிறது. முகத்துக்கு எதிரே வெளிச்சம் வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் இருட்டாகி ஒத்துக்கொள்ளாது. மூடுபனி நாளில் ட்யூப்லைட் போட்டுச் செய்யுங்கள்.

இதைவிட முக்கியமானது: மாமாவின் பென்ஷன் புத்தகத்தில் அத்தை பெயர் எப்படி இருக்கிறது? இனிஷியல் பாருங்கள். அங்கே அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல், பேங்கில் இரண்டும் இல்லாமல் முழுப்பெயர். மாமா இருக்கும்போது இது ஒரு மனு, ஒரு கையெழுத்து. அவருக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு அத்தை மாதக்கணக்கில் அலைய வேண்டும். பிறந்த தேதியும் பாருங்கள்.

பேங்க் கணக்கு இருவர் பெயரிலும், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில். ஆனால் அத்தைக்குத் தனியாக ஒரு சின்னக் கணக்கு, ஏடிஎம் அட்டை, அதன் ரகசிய எண் அவர் தலையிலேயே.

70 வயது நிறைந்தவர்களுக்கான மத்திய அரசுக் காப்பீட்டு அட்டை 2024 அக்டோபர் கடைசியில் வந்தது, வருமான வரம்பு கிடையாது. 5 லட்சம் ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. இருவரும் சேர்ந்து பங்கு. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான், மாத மாத்திரைக்கு ஆகாது. இருவருக்கும் தனித்தனியாக ஆதார் வைத்துப் பதிய வேண்டும்.

ஐந்துரோட்டு மருமகள் | நவம்பர் 15, இரவு 10.10

இனிஷியல் நீங்கள் சொன்ன மாதிரியே இருந்தது. மனு கொடுத்தாயிற்று. ஒப்பந்தத்தை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். "இருவருக்கு" என்றே எல்லா இடத்திலும் இருக்கிறது. ஒருவர் மட்டும் ஆனால் என்ன என்று ஒரு வரி இல்லை. இதை எப்படிப் போய்க் கேட்பது?

அடிவாரத்தான் | நவம்பர் 16, காலை 5.40

கேட்டே ஆக வேண்டும், புதுப்பிக்கும்போது. நீங்களாகக் கேளுங்கள், அவர்களைக் கேட்க வைக்காதீர்கள். எழுத்தில் வாங்க வேண்டியவை: ஒருவர் இல்லாதபோது மாதக் கட்டணம் எவ்வளவு குறையும் (பாதியாகாது, ரூம் வாடகை அப்படியேதான், சாப்பாட்டுப் பங்குதான் போகும்). அதே ரூமில் இருக்கலாமா, ஒற்றை ரூமுக்கு மாறச் சொல்வார்களா, எத்தனை மாத அவகாசம். டெபாசிட் யாருக்கு, எத்தனை நாளில், என்ன பிடித்தம். ஒருவர் படுக்கையில் விழுந்தால் அதே ரூமில் ஆயா வைத்துக்கொள்ளலாமா, இல்லை நோயாளிப் பிரிவுக்குப் பிரித்துக் கொண்டுபோவார்களா. பிரித்தால் மற்றவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போய் உட்காரலாம். இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் இல்லத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

பில்லில் ஜிஎஸ்டி போடுகிறார்களா என்றும் பாருங்கள். வரிவிலக்குப் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில், 60 வயது நிறைந்தவருக்கு, தங்கல் சாப்பாடு பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 25,000 வரை வரி கிடையாது. வீட்டுமனைக் கம்பெனி நடத்துவதற்கு இது பொருந்தாது.

ஏதாவது தகராறு, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567. கட்டணமில்லை.

அடிவாரத்தான் | நவம்பர் 17, இரவு 9.00

இன்னொன்றும் தனிச்செய்தியில் வந்தது, வேறு ஒருவரிடமிருந்து. ஒருவர் போய்விட்டார், காரியம் முடிந்து மற்றவர் ரூமுக்குத் திரும்புகிறார், அந்தக் கட்டிலை என்ன செய்வது என்று.

உடனே தூக்காதீர்கள், ஆசையாக விரித்தும் வைக்காதீர்கள். மெத்தையைச் சுருட்டிவிட்டுப் பலகையோடு விடுங்கள். துணி மடித்து வைக்க, பேப்பர் போட அவர்களே பழக்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் எடுக்கச் சொல்வார்கள், இரண்டு மாதமோ ஆறு மாதமோ. அழைப்பு மணி சுவிட்ச் அந்தக் கட்டில் பக்கம் இருந்தால் அதை மட்டும் அன்றைக்கே மாற்றுங்கள். போனவரின் மாத்திரை டப்பாவை எடுத்துவிடுங்கள், அதில் மிச்சம் இருக்கும் மாத்திரையோடு. ஒரே பிரஷர் மாத்திரைதானே என்று எடுத்துப் போடுவார்கள். ராத்திரி மாத்திரையை யார் ஞாபகப்படுத்தினார்கள் என்று கேளுங்கள். போனவர்தான் என்றால் முதல் மாதம் 8 மணிக்கு ஆயா போய் நிற்க வேண்டும்.

சமையலறையில் ரூம் எண்ணுக்கு எதிரே எத்தனை சாப்பாடு என்று சாக்பீஸில் எழுதும் பலகை இருக்கும். 2-ஐ அழித்து 1 போடுவார்கள். பல இடங்களில் அந்தப் பலகை சாப்பாட்டு அறையைப் பார்த்துத்தான் தொங்குகிறது. அதைக் கழற்றி உள்பக்கச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். ஒரு ஆணி வேலை.